மலையேறியவன் போட்டதல்ல

புதுச்சேரிக் கதிர்காமத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கேதார்நாத் போய்வந்தார். ஏ.எஃப்.டி. மில்லில் தறி ஓட்டி ஓய்ந்தவர். ஊர் திரும்பியதும் கோயிலைப் பற்றிப் பேசியதைவிட, வழியெல்லாம் கிடந்த பிளாஸ்டிக்கைப் பற்றித்தான் அதிகம் பேசினார். மழைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, கிழிந்ததும் வீசிய மெல்லிய பிளாஸ்டிக் அங்கிகள், தண்ணீர் பாட்டில்கள், பிஸ்கட் உறைகள். "நம்ம சனங்கதான் தம்பி கெடுத்துட்டாங்க. மேல எடுத்துக்கிட்டுப் போறவன் திருப்பிக் கீழ எடுத்தாறணும்னு கறாரா ஒரு சட்டம் போட்டா பனிமலை சுத்தமாயிடும்" என்றார்.

அவர் கோபம் நியாயமானது. அவர் பிடித்துக் கொடுத்த குற்றவாளிதான் தவறான ஆள். இந்தத் தவறு அவருடையது மட்டுமல்ல. தலையங்கம் எழுதுகிறவர்கள், பள்ளிக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்புக் கொடுக்கிறவர்கள், மலையேற்றக் குழு நடத்துகிறவர்கள், அமைச்சர்கள் என்று பலரும் இதையே சொல்லி வருகிறார்கள்.

அந்தக் கருத்தை, அதை நம்புகிறவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்து வைக்கிறேன். பனிமலையில் பிளாஸ்டிக் தானாக முளைப்பதில்லை. போகிற மனிதன் கொண்டுபோவதால்தான் அது அங்கே இருக்கிறது. யாத்திரைக்கும் மலையேற்றத்துக்கும் போகும் கூட்டம் பெருகியது, கூடவே குப்பையும் பெருகியது. அந்தக் குப்பை வெயிலிலும் குளிரிலும் நைந்து பொடியாகி, ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய துகளாகிறது. அதைத்தான் நுண்நெகிழி என்கிறார்கள். ஆகவே கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், அபராதம் போட வேண்டும், ஆள் வைத்துப் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுவது லிட்டருக்குச் சில துகள்தான். அதைக் கண்டு அலற ஒன்றுமில்லை. தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஊர்களுக்கு இதில் பங்கும் இல்லை, பொறுப்பும் இல்லை. பிளாஸ்டிக் பையைத் தடைசெய்து எங்கள் கடமையை முடித்துவிட்டோம்.

இதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். எவரெஸ்ட் ஏறுகிற ஒவ்வொருவரும் குறைந்தது எட்டுக் கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று நேபாளம் 2014-இல் விதி செய்தது. கேதார்நாத் பாதையில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு 2022-இல் வந்தது. இரண்டும் தேவையானவை. ஒன்றைக்கூடக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் இந்த மருந்துகள் தீர்ப்பது வேறொரு நோயை. நுண்நெகிழி பனியாற்றுக்கு வந்த வழியை இவை தொடவே இல்லை. என் மறுப்புகள் இனி.

1. பனியில் கிடைத்தது பாட்டில் சில்லா?

2019-இல் நேஷனல் ஜியாகிரபிக் பயணக்குழு எவரெஸ்டிலிருந்து கொண்டுவந்த பனியையும் ஓடைநீரையும் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜென் நாப்பர் குழுவினர் சோதித்தார்கள். முடிவு 2020-இல் வெளியானது. உச்சிக்குச் சற்றுக் கீழே, 8,440 மீட்டர் உயரத்தில் எடுத்த பனியிலும் நுண்நெகிழி இருந்தது. பனியில் சராசரியாக லிட்டருக்கு 30 துகள். அடிவார முகாமில் 79.

"பார்த்தீர்களா, முகாமில்தானே அதிகம்" என்று கேட்பார்கள். ஆம், முகாமில்தான் அதிகம். எவரெஸ்டைப் பொறுத்தவரை மலையேறிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கிடைத்தது என்ன? பெரும்பாலும் இழைகள். பாலியெஸ்டர் முதலிடம், அடுத்து அக்ரிலிக், பிறகு நைலான், பாலிபுரோப்பிலீன். தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் பாட்டில் நைந்தால் சில்லாகும், இழையாகாது. இழை வருவது துணியிலிருந்து. மேல்சட்டை, கையுறை, கூடாரம், கயிறு ஆகியவற்றிலிருந்து.

குப்பைக்கும் உதிர்வுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. குப்பை என்பது பயன்படுத்தி முடித்து எறிந்தது. உதிர்வு என்பது பயன்பாட்டில் இருக்கும்போதே பொருளிலிருந்து கழிவது. எட்டுக் கிலோவையும் நேர்மையாகச் சுமந்து கீழே இறக்கிய மலையேறி, தன் சட்டையிலிருந்து உதிர்ந்ததை எப்படிப் பொறுக்குவார்? சட்டத்தை மீறியவனும் மதித்தவனும் ஒரே அளவு உதிர்க்கிறார்கள். அபராதத்தால் அடங்குகிற காரியமா இது?

1924-இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரி கம்பளியும் பட்டும் பருத்தித் துணியும் அணிந்திருந்தார். 1999-இல் அவர் உடல் கிடைத்தபோது அந்தத் துணிகளின் கந்தல் உடம்போடு ஒட்டியிருந்தது. மனிதன் மலைக்குப் போவது அன்றும் இருந்தது. மாறியது துணி. ஆகவே கேள்வி "ஏன் போனாய்?" என்பதாக இருக்க முடியாது. "எதை உடுத்திக்கொண்டு போனாய், அதை நெய்தது யார்?" என்று கேட்க வேண்டும்.

துவைப்பதில் மட்டும் இழை உதிர்கிறது என்று பலகாலம் நினைத்திருந்தார்கள். ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் ஏழு லட்சத்துக்கு மேல் இழைகள் உதிரலாம் என்று இதே நாப்பர் 2016-இல் கணக்கிட்டார். 2020-இல் இத்தாலிய ஆய்வாளர்களும் பிளிமத் ஆய்வாளர்களும் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார்கள். பாலியெஸ்டர் துணியைச் சும்மா உடுத்தி நடமாடினாலே ஓராண்டில் ஒருவரிடமிருந்து 90 கோடி இழை காற்றில் கலக்கலாம், துவைப்பதால் நீரில் போவது 30 கோடி என்பது அவர்கள் மதிப்பீடு. துவைத்த நீருக்காவது சாக்கடை என்று ஒரு பாதை உண்டு. காற்றில் போனதை எந்த வாய்க்கால் வாங்கும்?

இதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இது துணியால் வாழ்ந்த ஊர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் 'கினே' என்ற நீலப் பருத்தித் துணி இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. சவானா, கப்ளே, ரோடியர் என்று மூன்று ஆலைகள் ஊரின் நாளைச் சங்கொலியால் பகுத்தன. 1936 சூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் எட்டுமணி நேர வேலை இங்கே வந்தது. ரோடியர் மில்லாக இருந்த ஏ.எஃப்.டி. 2020-இல் சட்டப்படி மூடப்பட்டது, மற்ற இரண்டும் அடங்கிவிட்டன. பருத்தி நெய்த அந்த ஊரின் கொடிகளில் இன்று காய்வதில் பெரும்பகுதி பாலியெஸ்டர் புடவை, பாலியெஸ்டர் சட்டை, பள்ளிச் சீருடையின் டெரிகாட்டன். உலகம் முழுவதும் இதே கதைதான். 2023-இல் உலகில் உற்பத்தியான இழைகளில் நூற்றுக்கு 57 பங்கு பாலியெஸ்டர், பருத்தி ஏறத்தாழ 20 பங்கு. மலைக்கு ஒருநாளும் போகாத கோடிக்கணக்கான பேரின் தோளிலிருந்து அந்த இழை நாள்தோறும் காற்றில் இறங்குகிறது.

2. ஆள் போகாத இடத்தில் யார் போட்டது?

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலான பிரனீஸ் மலைத்தொடரில், ஊரோ ஆலையோ அருகில் இல்லாத ஓர் ஆய்விடத்தில் ஐந்து மாதம் மழையையும் பனியையும் தூசியையும் சேகரித்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 365 நுண்நெகிழித் துகள் விழுந்தது. காற்று வந்த தடத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் 95 கிலோமீட்டர் வரை பயணம் செய்து வந்திருக்க முடியும் என்று தெரிந்தது. அதே ஆண்டு ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனிப்பாளங்களின் மேல் விழுந்த பனியில், அதிக அளவாக லிட்டருக்கு 14,400 துகள் கண்டார்கள். அங்கே யாத்திரை ஏது?

அப்படியானால் காற்றுக்கு அதைக் கொடுப்பது எது? மேற்கு அமெரிக்காவின் ஆளற்ற வனங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் விழும் நுண்நெகிழியின் மூலத்தை 2021-இல் கணக்கிட்டார்கள். 84 விழுக்காடு சாலைகளிலிருந்து. கடல் தெளிப்பிலிருந்து 11, உழவு மண்ணின் புழுதியிலிருந்து 5. நகரத்துக் குப்பை நேரடியாகத் தந்தது ஒரு விழுக்காடுகூட இல்லை.

84 என்ற இந்த எண்ணை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சாலையில் ஓடும் சக்கரம் டயரைத் தேய்க்கிறது. முன்பே சாலையில் விழுந்து பொடியான பிளாஸ்டிக்கையும் மறுபடி அரைத்துக் காற்றில் எழுப்புகிறது. எங்கள் வழுதாவூர் சாலையில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போகும் லாரியின் பின்னால் இரண்டு சக்கர வண்டியில் போனவர்களுக்கு அந்தப் புழுதி தெரியும். வீடு வந்து முகம் துடைத்தால் துண்டு கறுக்கும். அந்தக் கறுப்பில் டயரும் உண்டு. டயரில் பால்ரப்பரோடு பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பரும் இருப்பதால், அது தேய்ந்தால் வருவதும் நுண்நெகிழிதான். ஒரு டயர் வாங்கும்போது இருந்த எடை கழற்றும்போது இருப்பதில்லை. குறைந்த எடை எங்கே போனது என்று நாம் யாரும் கேட்டதில்லை.

3. "இந்த ஊர்ப் புழுதி இமயத்துக்கா போகும்?"

கேட்க வேண்டிய கேள்விதான். கதிர்காமத்தில் எழுந்த ஒரு துகள் கங்கோத்ரியில் விழுந்ததாக நான் சொல்லவில்லை. அப்படித் தனித்துகளைப் பின்தொடர வேண்டிய அவசியமும் இல்லை. துணைக்கண்டத்தின் காற்று ஒரே குளம். இந்த வழக்கு ஏற்கெனவே ஒருமுறை விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் வந்துவிட்டது.

சென்னையில் பிறந்து, இங்கிருந்து தெற்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர் வீரபத்திரன் ராமநாதன். 1999-இல் இந்தியப் பெருங்கடல் மீது பன்னாட்டு ஆய்வு ஒன்றை பால் குருட்சனோடு சேர்ந்து அவர் நடத்தினார். தெற்காசியாவுக்கும் கடலுக்கும் மேலே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தடிமனில் பழுப்புநிற மாசுப் படலம் ஒன்று படர்ந்திருப்பதை அது உலகுக்குக் காட்டியது. அடுப்புப் புகை, டீசல் புகை, எரிந்த வயல், எரிந்த குப்பை எல்லாம் கலந்த படலம். நம் சமையலறைப் புகையா பனிமலைக்குப் போகும் என்று அன்றும் கேட்டார்கள். பின்னர் அவர் குழு ஆளில்லா விமானங்களை அந்தப் படலத்துக்குள் பறக்கவிட்டு அளந்தது. இமயமலைப் பனியாறுகளின் உயரத்திலுள்ள காற்றைச் சூடாக்குவதில் அந்தப் படலத்துக்குப் பசுங்குடில் வாயுக்களுக்கு நிகரான பங்கு உண்டு என்று 2007-இல் சொன்னது. சமவெளியின் கரி இமயத்துக்கு ஏறும் என்பது அதற்குப் பிறகு அறிவியலில் சர்ச்சையாக இல்லை. கரித்துகள் ஏறிய அதே காற்றில் மெல்லிய பிளாஸ்டிக் இழை ஏறாது என்று சொல்ல என்ன காரணம்? திபெத்தியப் பீடபூமியின் பனியாறுகளிலும் நுண்நெகிழி கண்டெடுக்கப்பட்டு, தொலைதூரக் காற்றே அதைக் கொண்டுவந்தது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள்.

எரிப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2024-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கணக்கில், சூழலில் கலக்கும் பிளாஸ்டிக் கழிவில் இந்தியா உலகில் முதலிடம். ஆண்டுக்கு 93 லட்சம் டன், உலகக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதில் பாதிக்கும் மேலே, 58 லட்சம் டன், திறந்தவெளியில் எரிக்கப்படுவது. எரித்தால் பிளாஸ்டிக் மறைந்துபோகும் என்ற நம்பிக்கைதான் நம் தெருமுனைகளில் காலை நேரத்தில் புகைந்துகொண்டிருக்கிறது. எரிந்தது பாதி, உருகி உடைந்து சாம்பலோடு பறப்பது பாதி. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பேரளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. போகிப் பண்டிகை காலையில் டயர் எரியும் வாடை இன்னும் நின்றபாடில்லை. கேதார்நாத்தில் பாட்டில் வீசியவனைத் திட்டும் நாம், சொந்தத் தெருவில் கூட்டிக் குவித்ததற்குத் தீ வைப்பவரைக் கடந்து போய்விடுகிறோம். முதலாவது குப்பையாகவாவது கிடக்கும், ஆள் போனால் எடுக்கலாம். இரண்டாவது காற்றாகிவிட்டது.

4. அளவு சொற்பமா?

லிட்டருக்கு 30 என்பது சிறிய எண்ணாகத் தெரியும். ஒரு பனியாற்றுக்குப் பெருக்கிப் பார்க்க வேண்டும். இத்தாலிய ஆல்ப்ஸில் உள்ள ஃபோர்னி பனியாற்றின் மேல் படிந்த வண்டலில் கிலோவுக்கு ஏறத்தாழ 75 துகள் இருந்ததாக 2019-இல் மிலான் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த ஒரே பனியாற்றின் உருகும் பகுதியில் மட்டும் 13 கோடி முதல் 16 கோடித் துகள் வரை இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. இது ஆல்ப்ஸின் பல பனியாறுகளில் ஒன்று.

பனியை உருக்குவதில் பிளாஸ்டிக்குத்தான் பெரும்பங்கு என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த மிகையை நான் ஏற்கவில்லை. புவி வெப்பமும் புகைக்கரியும் மண்தூசியும் செய்கிற வேலைக்கு முன்னால் பிளாஸ்டிக் சிறு பங்காளி. கறுத்த டயர்த்துகள் பனியின் வெண்மையைக் குறைக்கும், வெண்மை குறைந்தால் வெயிலை அதிகம் வாங்கும் என்பது உண்மை. ஆனால் என் வாதம் அதன் மேல் நிற்கவில்லை.

என் வாதம் மூச்சின் மேல் நிற்கிறது. வெள்ளை வேட்டியில் கறை உடனே தெரியும். கறுப்புத் துணியில் அதே கறை தெரியாது. பனியாறு வெள்ளை வேட்டி. அங்கே விழுந்ததை எண்ண முடிகிறது, அவ்வளவுதான். அங்கே போய்ச் சேருமுன் அந்த இழை எத்தனை பேர் குடியிருக்கும் தெருக்களின் காற்றில் இருந்தது? இங்கிலாந்தில் அறுவைச் சிகிச்சைக்கு வந்த நோயாளிகளின் நுரையீரல் திசு மாதிரிகள் 13-ஐச் சோதித்தபோது 11-இல் நுண்நெகிழி இருந்ததாக 2022-இல் எழுதினார்கள். 2024-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான இத்தாலிய ஆய்வு, கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பை அறுவையில் அகற்றியவர்களைப் பார்த்தது. தொடர்ந்து கவனிக்கப்பட்ட 257 பேரில் 150 பேரின் படிவில் பாலித்தீன் இருந்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகளில் அந்த 150 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை, சேர்ந்து இருந்ததை மட்டும் காட்டியது. கதிர்காமத்து மருத்துவக் கல்லூரியின் புறநோயாளி வரிசையில் காலையில் நின்று பார்த்தவர்கள், இந்தச் செய்தியைச் சொற்பம் என்று ஒதுக்கமாட்டார்கள்.

மில்காரர்களுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. பஞ்சுத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு வார விடுமுறை கழிந்து முதல்நாள் வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும். அது தொழில்நோய் என்று சட்டமே ஏற்றுக்கொண்ட நோய். நைலான் இழையைப் பொடியாக வெட்டித் துணியில் ஒட்டும் அமெரிக்க ஆலைகளில் வேலை செய்தவர்களின் நுரையீரல் பழுதானதை 1990-களில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அது அதிக அளவில் சுவாசித்தவர்களின் நிலை. தெருக்காற்று அந்த அளவு இல்லைதான். ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு வேலை நேரம் முடிந்தால் வெளிக்காற்று உண்டு. நமக்குத் தெருவைவிட்டால் வெளிக்காற்று எங்கே? இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் காற்றுத் தர நெறிகளில் 12 மாசுகளுக்கு வரம்பு உண்டு. பிளாஸ்டிக் இழை அந்தப் பன்னிரண்டில் இல்லை. தூசியை எடை போடுகிறோம், அதில் எவ்வளவு பிளாஸ்டிக் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அளக்காத ஒன்றைச் சொற்பம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

5. "நாம் பனியாற்றுத் தண்ணீரா குடிக்கிறோம்?"

இல்லை. புதுச்சேரி குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர். சங்கராபரணியும் தென்பெண்ணையும் மழையால் ஓடுபவை. ஆனால் கங்கை எந்தக் கடலில் கலக்கிறது? கங்கோத்ரிக்கு அருகிலுள்ள ஹர்சில் முதல் வங்கதேசத்தின் போலா வரை கங்கை நீரை எடுத்துச் சோதித்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. கிடைத்த துகளில் 91 விழுக்காடு இழை. ரேயானும் அக்ரிலிக்கும் முன்னே நின்றன, இரண்டும் துணி. பிரம்மபுத்திரா, மேக்னா நீரோடு சேர்ந்து நாளொன்றுக்கு 100 கோடி முதல் 300 கோடித் துகள் வரை வங்கக் கடலில் இறங்கலாம் என்று அது கணித்தது. ஐப்பசி, கார்த்திகையில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே திரும்பும் என்பது எங்கள் மீனவர்களுக்குத் தெரிந்த செய்தி. புதுவைக் கடற்கரை மணலிலும் கழிமுகங்களின் மட்டிகளிலும் நுண்நெகிழி இருப்பதைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். மலைக்கும் நமக்கும் தொடர்பில்லை என்பது ஆற்றின் ஒரு முனையை மட்டும் பார்த்தவர்கள் சொல்வது.

6. தடை எதைத் தடுத்தது?

தமிழ்நாடு 2019 சனவரி முதல் தேதியிலும், புதுச்சேரி அதே ஆண்டிலும், இந்தியா முழுமையும் 2022 சூலை முதல் தேதியிலும் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தன. நல்ல சட்டங்கள். மத்திய அரசின் பட்டியலில் உறிஞ்சுகுழல், தட்டு, குவளை, கரண்டி, காதுக்குச்சி, பலூன் குச்சி எல்லாம் உண்டு. துணி இல்லை. டயர் இல்லை. இருக்கவும் முடியாது, அவை ஒருமுறை பயன்படுத்தி எறிபவை அல்ல. பெருங்கடலுக்கு நுண்துகளாகவே போய்ச் சேரும் பிளாஸ்டிக்கில் 35 விழுக்காடு துணி துவைப்பதாலும் 28 விழுக்காடு டயர் தேய்வதாலும் வருகிறது என்று 2017-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் கணக்குச் சொன்னது. மஞ்சப்பை தூக்கிக்கொண்டு, பாலியெஸ்டர் சட்டையில், டயர் தேயத் தேயக் கடைக்குப் போய்வருகிறோம். பையை மாற்றியது வீண் இல்லை. ஆனால் மலைமேல் விழும் இழைக்கு அந்தத் தடை ஒரு பதிலும் சொல்லவில்லை.

இந்தத் தவறான கண்டறிதலுக்கு அரசியல் விளைவும் உண்டு. பிளாஸ்டிக் என்றால் குப்பை மேலாண்மைப் பிரச்சினைதான் என்று நம்புகிற நாடு, உற்பத்தியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் வாய் மூடிக்கொள்ளும். உலகப் பிளாஸ்டிக் ஒப்பந்தத்துக்காக 2024 நவம்பர் இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனிவாவிலும் கூடினார்கள். இரண்டும் உடன்பாடில்லாமல் கலைந்தன. மூலப் பிளாஸ்டிக் உற்பத்திக்கு வரம்பு வைப்பதை ஏற்க மாட்டோம் என்று சொன்ன நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கேதார்நாத் பாதையில் பாட்டில் பொறுக்கும் தன்னார்வலரின் படம் எவ்வளவு பெரிதாக வெளிவருகிறதோ, அவ்வளவுக்கு இந்தச் செய்தி சிறிதாகிறது.

7. அப்படியானால் ஏழையின் புடவை மேல் பழியா?

என்னிடம் நேரில் வைக்கப்பட்ட எதிர்ப்புகளில் இதுதான் கனமானது. கைத்தறிப் புடவையின் விலையில் நாலைந்து பாலியெஸ்டர் புடவை வாங்கலாம். வெளுத்துக் காயவைக்க நேரமில்லாத வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு அது ஒரு விடுதலை. பருத்திக்கும் தண்ணீர்க் கணக்கும் பூச்சிமருந்துக் கணக்கும் உண்டு. "இனிமேல் எல்லோரும் பருத்தி உடுத்துங்கள்" என்று இங்கே உட்கார்ந்துகொண்டு எழுதுவது, கேதார்நாத் போனவரைத் திட்டுவதைவிட மோசமான தவறு. அதுவும் பயன்படுத்துகிறவர் மேல் பழி போடுவதுதான்.

பழி போக வேண்டிய இடம் வேறு. 2025 சனவரி முதல் விற்கும் புதிய சலவை இயந்திரங்களில் இழை வடிகட்டி இருக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2020-இல் சட்டத்தில் எழுதியது. அந்தச் சட்டம் சலவை செய்கிற குடும்பத்தைக் கேட்கவில்லை, இயந்திரம் செய்கிறவரைக் கேட்டது. டயருக்குத் தேய்மான வரம்பு வைக்கலாம், அது டயர் ஆலையைக் கேட்கும். குப்பை எரிவதை நிறுத்த, தெருத் தெருவாக ஒழுங்காகக் குப்பை வாங்க வேண்டும், அது நகராட்சியைக் கேட்கும். துணியிலும் அப்படித்தான். முன்னே சொன்ன 2020-இன் இத்தாலிய, பிளிமத் கூட்டாய்வு, எல்லாப் பாலியெஸ்டரும் ஒரே அளவு உதிர்வதில்லை என்றும் கண்டது. நெருக்கமாக நெய்த, முறுக்கு அதிகமான நூலில் செய்த துணி மிகக் குறைவாகவே உதிர்த்தது. தளர்வாகப் பின்னிய, குட்டை இழை நூல் துணி அதிகம் உதிர்த்தது. அதாவது, எவ்வளவு உதிரும் என்பது துணி கடைக்கு வருமுன்பே ஆலையில் முடிவாகிவிடுகிறது.

இதை எங்கள் தெருப் பெரியவரிடம் சொன்னேன். கேதார்நாத் குளிருக்கென்று வாங்கிய மேல்சட்டையை உள்ளேயிருந்து எடுத்துவந்தார். பார்வைக்குக் கம்பளிபோல இருந்தது, துணியோ பாலியெஸ்டர். கட்டைவிரலால் நாலு தேய் தேய்த்தார். விரலில் ஒட்டிய பிசிரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு இத்தாலிக்காரன் எதுக்கு தம்பி? முறுக்கு கொறஞ்சா நூலு பிசிர் விடும்னு தறிக்கு வந்த மொத வாரமே சொல்லிக் குடுத்துடுவாங்க."

"அப்போ முறுக்கை ஏத்தி நூல் நூக்கலாமே அண்ணே?"

"ஏத்தலாம். முறுக்கு ஏத்தினா ஸ்பிண்டில்ல ஓடுற நூலு கொறயும். ஒரு நாளு உற்பத்தி கொறயும். கரண்டு செலவு ஏறும். எந்த மில்லுல ஒத்துக்குவான்?" என்றார்.